௸

மஞ்சக்குப்பம் கோர்ட்டு, நகல் பிரிவு.
முதல் தாளைக் கரையான் அரித்திருக்கிறது.
பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
புளியங்கொட்டை அளவு ஓட்டை.
அதன் வழியே என் மேசை தெரிகிறது.

இரண்டாம் தாளிலிருந்து சுத்தமான எழுத்து:
'௸யாள் உப்பனாற்றங்கரையில் உவர்மண் சுரண்டியதாகவும்
௸ மண்ணை ௸ சட்டியில் காய்ச்சியதாகவும்
௸ உப்பு ஒன்றேகால் படி இருந்ததாகவும்...'

மேலே சொன்ன, மேலே சொன்ன என்று எழுத
மசி செலவாகும் என்று நினைத்தானோ குமாஸ்தா,
ஒரே சுழிக்குள்
ஆள், மண், சட்டி, உப்பு.

மேலே பார் என்கிறது சுழி.
பார்க்கிறேன்.
ஓட்டை.

தட்டச்சு செய்ய வந்த கோமளவல்லி
விசைப்பலகையில் தேடிக் கிடைக்காமல்
'ஷெ' என்று அடித்தாள்.
பிறகு மரியாதைக்கு, 'திருமதி ஷெ'.
சீனாக்காரியா சார், என்றாள்.
சிரித்தோம். டீ வந்தது.

அபராதம் மூன்று ரூபாய்,
தவறினால் பதினைந்து நாள்.
கட்டினாளா, எழுதவில்லை.

கடைசித் தாளில், சாட்சிகளுக்கெல்லாம் கீழே:
'இது ௸யாள் கீறல்.'
ஈர மணலில் நண்டு போன மாதிரி ஒரு கோடு.
பாதியில் பேனா தட்டியிருக்கிறது,
மறுபடி அழுத்தியிருக்கிறாள்,
தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

நகலில் கீறலை வரையக் கூடாது.
கீறல் என்று எழுத வேண்டும், அதுதான் விதி.

எழுதினேன்.
உண்மை நகல் என்று முத்திரை குத்தி
அதன் கீழே என் பேரை
முழுசாக.