கடிகார முள் போகிற பக்கம்

பேசினுக்குக் கீழே வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்
படுக்கும்போது ஒன்று, விடிவதற்குள் இன்னொன்று என
நிறையத் தொடங்கிய நாலாம் நாள்,
புதுவயலில் பிளம்பர் கிடைக்காமல்
காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.
அரை இஞ்ச் ஆங்கிள் காக்,
பதினெட்டு இஞ்ச் கனெக்‌ஷன் பைப்,
வெள்ளை டேப் ஒரு சுருள்.
காக் மட்டும் ரெண்டு.
ஒன்றை எப்படியும் நான் கெடுத்துவிடுவேன்.

"மாட்டுறது யாரு ஆத்தா?"
"வீட்டுக்காரர். சிங்கப்பூர்ல இருக்காக."
கடைக்காரர் பில்லைக் கிழித்துத் தந்தார்.

எனக்கு ஒன்பதரை, சேவுகனுக்குப் பன்னிரண்டு.
இருபத்து மூன்றாம் மாடியில்
இன்னும் கதவு வைக்காத ஒரு குளியலறையில்
மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு
போனில் தெரிந்தார்.
அந்தக் கட்டடத்தில் நானூறு பேசின்.
அவர் ஆட்கள் மாட்டியது.
ஒன்று சொட்டாது என்பார்.

"மொதல்ல மேல போயி கேட் வால்வ அடை."
அடைத்தேன்.
பதினோரு வருஷம் யாரும் தொடாதது
அடைபடுகிற மாதிரியே சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
வேறு வழியில்லை.
வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை, கால்மிதி எல்லாம் துவைத்துத்
தொட்டியைக் காலி செய்தேன்.
அவர் அதற்குள் பாதிச் சோறு தின்றிருந்தார்.

போனைப் பிடித்தவள் மகள் தமயந்தி.
அப்பாவுக்குப் பல்லியைக் காட்டினாள்,
விழுந்த பல்லைக் காட்டினாள்,
இடையிடையே என் கையைக் காட்டினாள்.
"இடது பக்கம் திருப்பு."
மல்லாந்து கிடக்கிறேன்,
முகத்துக்கு மேலே பேசினின் அடிவயிறு.
யாருக்கு இடது?

"டேப்ப மட்டும் பாத்துச் சுத்து.
கடிகார முள் போற பக்கம்.
மாத்திச் சுத்துனா
முறுக்க முறுக்கப் பிரிஞ்சு வந்துரும்.
கத்துக்குட்டிப் பயலுக பண்ற தப்பு அது."
அங்கே ஒரு மணி அடித்தது.
"சாயங்காலம் பாப்போம். எதையும் தொடாத."
"அப்பா கட் பண்ணிட்டாக" என்றாள் தமயந்தி.

தொட்டேன்.
அசையவில்லை.
சுவரும் காக்கும் சேர்கிற இடத்தில்
போர்த்தண்ணி உப்பு
அப்பளம் பொரிந்தது மாதிரி பூத்திருந்தது.
குத்துவிளக்குக்குச் செய்கிறதைச் செய்தேன்:
புளி கரைத்து, துணி நனைத்து,
சுற்றிக் கட்டிவிட்டு
உலை வைக்கப் போனேன்.
சோறு வடித்து வந்து ஸ்பேனரைப் போட்டதும்
கிறீச்சென்று ஒரு சத்தம்.
தமயந்தி காதைப் பொத்தினாள்.
காக் என் மடியில்.

அதன் மரையில் பழைய டேப்
பிரிந்து, சுருண்டு,
விளக்குத் திரி மாதிரி ஒதுங்கிக் கிடந்தது.
விரலால் பின்தொடர்ந்தேன்.
முள்ளுக்கு எதிர்ப்பக்கம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்,
வேலைக்குச் சேர்ந்த புதுசில்,
பெண்வீட்டார் வந்தால் கை கழுவணுமே என்று
ஒரே ராத்திரியில் அவர் மாட்டிய பேசின்.
பெண்வீட்டாரில் நானும் வந்து கை கழுவினேன்.
குழாயைத் திறந்து காட்டியபோது
அவர் முகத்தைத்தான் பார்த்தேன்,
கீழே குனிந்து பார்க்கவில்லை.

சரியான பக்கம் பன்னிரண்டு சுற்று.
கை இறுக்கம், அதற்கு மேல் அரைத் திருப்பு.
புது பைப் முறுக்கிக்கொள்ளாமல்
ஒரு வளைவோடு தொங்கியது.
மோட்டார் போட்டேன்.
குழாய் ரெண்டு தடவை இருமி,
துருவாய்ப் பேசி,
தெளிந்தது.

சாயங்காலம் கூப்பிட்டார்.
"தொட்டியா?"
"முடிச்சுட்டேன்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பழசு எப்படி இருந்துச்சு?"
"உப்பு" என்றேன்.

ராத்திரி பேசினுக்குக் கீழே
பேப்பரை விரித்துப் படுத்தேன்.
விடிந்ததும் தமயந்தி குத்தவைத்து,
காய்ந்த பக்கத்தில் விரல் வைத்து
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்:
நெல் விலை, குவிண்டாலுக்கு.
மிஞ்சிய காக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை.
சமையல்கட்டுக் குழாயைப் போய்ப் பார்த்தேன்.
அதுவும் அவர் மாட்டியதுதான்.