அரியர் பேப்பர், மூன்றாம் முறை

மூணரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி ஏறுவேன்
குலசேகரத்துக்கு மேலே, முந்நூற்றுப் பத்து மரம்.
ஜாக்கெட்டுக்குள் மடித்த தாள்: ஆர்ட்டிகிள், டென்ஸ், வாய்ஸ்.
மரத்துக்கு ஒரு விதி என்று கணக்கு.
பதினேழாம் மரத்தில் எப்போதும் மறந்துபோகும்.

முதல்முறை சொன்னால் எ.
மறுபடி சொன்னால் த.
இது எளுப்பம்.
ஆறு வருஷமாக இந்தத் தோட்டத்தில்
நான் எ.

பால் எண்ண முடியாத பெயர்ச்சொல்லாம்.
டிப்போவில் லாசர் எண்ணுவார்:
சீட்டின் எடை, ஈரத்துக்குக் கழிவு,
ஒட்டுப்பால் தனி, போன மாசம் வாங்கிய முன்பணம்.
எண்ணி முடித்து என் கையில் வைப்பதை
நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

தக்கலை ஜவுளிக்கடையிலிருந்து சுபிஜா
வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள்:
“லைக் வந்தா சிமிலி, வராட்டி மெட்டாஃபர்.
மரம் அழுதுன்னு எளுதினா பெர்சானிஃபிகேஷன்.
ரெண்டு மார்க்கு உறுதியாக்கும்.”

மரம் அழுவதில்லை சுபிஜா.
வெயில் ஏறினால் பால் தானாக நிற்கும்.
அழுகை அப்படி மணி பார்த்து நிற்குமா?
ஆனாலும் எழுதினேன். ரெண்டு மார்க்.

இஃப் மூன்று வகை.
மழை பெய்தால் வெட்டு இல்லை: இது முதல் வகை,
பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்தாலே போதும்.
மழை பெய்யாதிருந்தால்
போன தடவையே ஃபீஸ் கட்டியிருப்பேன்:
இது மூன்றாம் வகை. நடக்காததற்கு மட்டும்.
இதில் எனக்குத் தப்பே வராது.
நடு வகைதான் குழப்புகிறது,
நான் ராணியாக இருந்தால் என்று தொடங்குகிற வகை.

நாகர்கோவில். சனிக்கிழமை. பத்து மணி.
விரலிடுக்கில் ஆசிட் மணம்,
பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை மூக்கைச் சுளித்தது.
பதினாலாம் கேள்வி, வாய்ஸ் மாற்றுக:
த டேப்பர் கட் த ட்ரீ.

பதில் தெரியும்.
த ட்ரீ வாஸ் கட்.
செய்தவர் முக்கியமில்லை என்றால்
பை என்பதையும் ஆளையும் விட்டுவிடலாம்,
கைடில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது.
தோட்டத்து வாசல் பலகையும் அப்படித்தான்:
இம்மரங்கள் 1998இல் நடப்பட்டன.
நட்டது காற்றாக இருக்கும்.

அப்போது பள்ளிக்கூடத்துத் தமிழ் எங்கிருந்தோ வந்தது.
வெட்டினேன்.
பகுதி வெட்டு. இடைநிலை இன். விகுதி ஏன்.
நான் என்று தனியே எழுதாவிட்டாலும்
வாலில் ஒட்டிக்கொண்டு நானிருக்கிறேன்.
பிடுங்கினால் வினையே நிற்காது.
பிடுங்கிப் பார்த்தேன், கையில் வந்தது
ஒரு ஏன்.

பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஓரத்தில் அந்த ஒரு சொல்லை எழுதி
குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்,
வாசிக்கிற அளவுக்கு மெல்லிசாக.
பை த டேப்பர் என்பதையும் சேர்த்தேன்.
பை எ டேப்பர் என்றுதான் முதலில் கை போனது.

திரும்பும் பஸ்ஸில் நின்றபடி சுபிஜாவுக்கு:
“பாஸாயிருவேன்னு தோணுது.”
அவள் கேட்டாள், “எத்தனை மார்க்குக்கு எளுதின?”
மலைப்பக்கம் பார்த்தேன். கறுத்துக் கிடந்தது.
இஃப்.