மேலொன்று, கீழொன்று

இந்த முடிச்சை யாரும் போடவில்லை.
நேற்றிரவு செந்தூல் மண்டபத்தில்
பன்னிரண்டரைக்கு வாடகை நேரம் முடிந்தது.
காவலாளி விளக்கை அணைத்துவிட்டான்.
கைக்கு வந்த வயரையெல்லாம்
நீலப் பெட்டியில் திணித்தோம்.
அவ்வளவுதான்.
மீதியை ஜாலான் ஈப்போவின் மேடுபள்ளம் பார்த்துக்கொண்டது.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தம்.
மூன்று மணிக்கு மைக் பேச வேண்டும்.
இப்போது இரண்டேகால்.
மோனோரயில் பாதைக்கடியில் லோரியை நிறுத்தி
பின்கதவைத் திறந்துபோட்டு
மழைக்கும் பெட்டிக்கும் நடுவே
சம்மணமிட்டிருக்கிறேன்.
ஒரு நுனியை இழுத்தேன்.
பெட்டியே எழுந்து வந்தது.
ரஃபிக் கத்தரிக்கோலைக் காட்டிச் சிரித்தான்.

இழுக்க இழுக்க இறுகும்,
தெரிந்தவள்தான் நான்.
தெரிந்தும் இழுத்தேன்.

நேராகக் கிடக்க ஒரு வயருக்கு
ஒரே ஒரு வழி.
சிக்கிக் கிடக்கவோ
எண்ணி மாளாது.
லோரி குலுங்கும் ஒவ்வொரு முறையும்
நுனி ஏதோ ஒரு வளையத்துக்குள்
தலை நீட்டிப் பார்க்கிறது,
திறந்த கதவைக் கண்ட
பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.
பத்துத் தடவை திரும்பிவிடும்.
பதினோராவது தடவை
பின்னால் இன்னொரு வளையம்
வாசலை அடைத்து நிற்கும்.

குட்டி வயர்கள் சிக்குவதில்லை,
எட்டிப் பார்க்க நீளம் போதாது.
தடித்த கரண்டு வயரும் சிக்காது,
அது யாருக்கும் வளையாது.
இருபது மீட்டர் மைக் வயர்தான்,
மெலிசு, நீளம்,
சொன்ன பக்கமெல்லாம் வளைந்து கொடுக்கும்,
அதுதான் மாட்டும்.

தேவகரன் முழங்கையில் சுற்றுவான்.
உள்ளங்கை, முழங்கை, உள்ளங்கை, முழங்கை,
பார்க்க அழகாய்த்தான் இருக்கும்.
சுற்றுக்கு ஒரு முறுக்கு
வயர் உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும்.
வெளியே ஒன்றும் தெரியாது.
அடுத்த மேடையில் வீசி விரிக்கும்போது
அத்தனையையும் சேர்த்துக் கக்கும்.

நான் ஒரு சுற்று மேலிருந்து,
மணிக்கட்டைத் திருப்பி
மறு சுற்று கீழிருந்து.
முதலாவது ஏற்றிய முறுக்கை
இரண்டாவது இறக்கிவிடும்.
முடித்ததும் இரண்டு நுனியையும்
வெல்க்ரோ பட்டையில் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.
கட்டுப்பட்ட நுனிக்கு
முடிச்சுப் போடத் தெரியாது.

இதை அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
எந்தத் தொனியில் சொன்னேன் என்பது
இப்போதுதான் காதில் விழுகிறது.

ஏழு வருஷக் கூட்டுத் தொழில்.
பிரிந்த அன்று
ஸ்பீக்கர் அவனுக்கு, மிக்ஸர் எனக்கு,
வயரில் பாதிப் பாதி.
என்ன சண்டை என்று கேட்கிறார்கள்.
யாராவது போட்ட முடிச்சென்றால்
எங்கே போட்டதென்று காட்டலாம்.

மாவு பிசைகிற மாதிரி
மொத்தையைத் தளர்த்துகிறேன்.
நுனியைத் தேடவில்லை.
உள்ளே காற்றுப் போக இடம் விட்டால்
சில வளையங்கள் தாமாகக் கழன்று விழுகின்றன.
தலைக்குமேல் ரயில் ஒன்று போக
இன்னும் இரண்டு.

நடு வயிற்றில் இருந்தது
மஞ்சள் டேப் ஒட்டிய வயர்.
அவனுடையது. பங்கில் தப்பி வந்திருக்கிறது.
தரையில் போட்டால் நேராகப் படுக்காமல்
முழங்கை அளவுக்குச் சுருண்டு சுருண்டு எழுகிறது.

இரண்டு ஐம்பத்தெட்டு.
மேடைக்கு ஒரு வயர் எட்டவில்லை.
மஞ்சளைச் செருகினேன்.
ஹலோ, என்றேன்.
ஹலோ. ஹலோ.
காலி நாற்காலிகளைத் தாண்டிப் போய்
பின்சுவரில் பட்டு
என் குரலே திரும்பி வந்தது.
கொஞ்சம் கரகரப்பு.
முறுக்கு இன்னும் போகவில்லை.