நூற்றுப் பத்து லீற்றர்

பகலில் எனக்கு அளவு ஏக்கர் அடி.
துருசடி அளவுகோலில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை
தண்ணீர் நிற்கும் கோட்டைப் படித்து
கிளிநொச்சிக் கந்தோருக்குச் சொல்ல வேண்டும்.
நிமலரூபன் பவுசர் ஓட்டுகிறவன்.
அவனுக்குத் தண்ணீர் என்றால் ஆறாயிரம் லீற்றர்,
அரைவாசி என்றால் மூவாயிரம்,
அதற்குக் கீழே எல்லாம் சிந்தினது.

இப்படி இரண்டு பேர்
மீன்தொட்டிக்கு அளவு சொல்லப் போனோம்.

"எத்தினை அடி?" அமலதாசன்
கண்ணாடித் தூளை ஊதிவிட்டுக் கேட்டார்.
"நாலு" என்றான் இவன், யோசிக்காமலே.
"ஒண்டு" என்றேன் நான், விலைப்பட்டியலைப் பார்த்தபடி.

"ஒரு அடியெண்டால் சித்திரை வெயிலுக்கு
பத்து மணிக்கே தேத்தண்ணி" என்றார்.
எனக்குத் தெரியாததல்ல.
சின்னக் குளங்கள்தான் முதலில் சூடேறும்,
முதலில் நாறும்.
ஒரு மீன் செத்தால் சிறிய தண்ணீருக்கு அதுவே அதிகம்.
பெரிய தண்ணீர் மெதுவாய்க் கெடும்,
கவனிக்க இரண்டு நாள் தரும்.

சரி, பெரிசு. எவ்வளவு பெரிசு?

வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கிய கொட்டி
வாளிக்குள் கிடந்தது.
சுருள் சுருளான இலை ஒன்றை நிமிர்த்தி
கந்தோர் ரேப்பால் அளந்தேன்: பதினாறு அங்குலம்.
மணலுக்கு இரண்டரை விடவேண்டும்.
ஆழம் கூடினால் ரியூப் வெளிச்சம் அடிக்கு இறங்காது,
என் கையும் எட்டாது.
சட்டைக் கை நனையாமல்
அழுகின இலையைக் கிள்ளி எடுக்கிற ஆழம் போதும்.
கொட்டி கொஞ்சம் வளையட்டும்.

நீளத்துக்குத்தான் சண்டை.
அவன் முன்னறை மூலையில்
சோக்கால் நாலடி கீறிவிட்டு
உள்ளே ஏறி நின்று காட்டினான்.
"முந்நூற்றி நாப்பது லீற்றர்.
என்ரை பவுசருக்கு அது தும்மல்."
"ஐஞ்சு நெல்மூட்டைப் பாரம்,
மணலும் கண்ணாடியும் வேறை" என்றேன்.

ரசமட்டத்தை நிலத்தில் வைத்தேன்.
குமிழி நடுவில் நிற்கவில்லை.
திருப்பி வைத்தேன்.
அப்போதும் சுவர்ப் பக்கத்துக்கே எதிராக ஓடியது.

வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டபடி
சுகிர்தமலர் சொன்னா:
"அந்த மூலையிலை பங்கர் இருந்ததெல்லே.
வீட்டுத்திட்டம் வர மூடினவை."

காணி நாங்கள் பிறகு வாங்கியது.
யார் மூடினார்கள், எதைப் போட்டு மூடினார்கள்,
பனங்குற்றிகளை எடுத்தார்களா, விட்டார்களா,
தெரியாது.
விட்டிருந்தால் குற்றி உக்க உக்க
சீமெந்து இறங்கும்.

நிமலரூபன் குதிக்காலால் தட்டிப் பார்த்தான்.
ஒரு இடத்தில் ஒரு சத்தம்,
ஒரு சாண் தள்ளி வேறு சத்தம்.
பிறகு குந்தியிருந்து
தன் சோக்குக் கோட்டையே பார்த்தான்.
"எங்கடையும் நாலடி அகலம்தான்" என்றான்.
"ஏழு பேர்."
எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
அவன் சாரத் தலைப்பால் சோக்கைத் துடைத்தான்.
முழுக்க அழியவில்லை.

எதிர்ச் சுவரில் குமிழி நடுவில் நின்றது.
யன்னல் வெயில் நேரே படாத இடம்,
பாசி அவ்வளவு பிடிக்காது.
கதவு திறக்கிற வளைவைக் கழித்தால் மிச்சம் இரண்டரை அடி.
முப்பதுக்குப் பதினைந்துக்குப் பதினைந்து.
நூற்றுப் பத்து லீற்றர்.
அமலதாசன் கடதாசியில் எழுதி, கோடு போட்டார்.

"பதினைஞ்சு மீன் தாராளமாய் விடலாம்."
"ஐஞ்சு காணும்" என்றான் இவன்.
"அதுகள் திரும்ப இடம் வேணும்."

இப்போது கொட்டி புது இலை விட்டிருக்கிறது.
கெண்டைக்குஞ்சு நாலு, ஒன்று பாய்ந்துவிட்டது,
மூடி இல்லாத முதல் இரவில்.
கண்ணாடியின் உள்மூலையில்
பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.
பழக்கதோஷம்.
இன்று காலை ஆறு மணி: பதின்மூன்றரை அங்குலம்.
வான் பாயவில்லை.