அத்திப்பழ அடை

காசிமேட்டில் வலைக்கடைக்கு மேலே
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி.
வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம்.
வெளியூர் ஊழியக்காரர்
மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு சொன்னார்:
ஆமோத்சின் மகன் பார்த்துவிட்டான்.
சிலுவைக்கு எழுநூறு வருஷம் முன்னாலேயே
வாரடி விழுந்த அந்த முதுகைப் பார்த்துவிட்டான்.
நடக்கப்போவதை
நடந்து முடிந்ததாய் எழுதிவைத்தான்.
நீங்களும் இறந்தகாலத்திலேயே சொல்லுங்கள்:
குணமானேன்.

குணமானேன் என்றது கூரை.
என் வீட்டுக்காரர் எசேக்கியாவும் சொன்னார்,
ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம்
பாளம் உடைத்துக் கரகரத்த குரலில்.

மறுநாள் சனிக்கிழமை, டயாலிசிஸ் முறை.
போகவில்லை.
"குணமானவன் எதுக்குடி ஊசி குத்திக்கணும்?"

ஞாயிறு ஆராதனைக்குப் போனோம்.
திங்கள் காலை அவர் கணுக்காலில்
விரலை வைத்து அழுத்தினேன்.
எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது,
ஈர மணலில் போல.
ராத்திரி படுக்க முடியவில்லை,
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே
மூச்சை ஒவ்வொன்றாய் எடுத்தார்.
நாளெல்லாம் பனிக்கட்டி நடுவே நின்றவருக்கு
ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர்.
கேட்டது ஒரே ஒரு சில்லு.
நாக்கில் வைத்தேன்.

விளக்கைப் போடாமல்
அவர் இடதுகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மணிக்கட்டுக்கு மேலே
ரத்தக்குழாய் இரண்டை ஒட்டித் தைத்த இடம்.
தொட்டால் விர்ரென்று அதிரும்,
கரையேறும் முன் விசைப்படகு உறுமுவதுபோல.
அதன்மேல் நாலு வருஷத்து ஊசித்தடங்கள்.
தீர்க்கன் சொன்னது தமிழில்
தழும்பு என்றுதானே வந்திருக்கிறது?
காயம் என்றில்லையே.
தழும்பென்றால்
மூடிக்கொண்ட காயம் அல்லவா?
இங்கே வாரத்துக்கு இரண்டுமுறை
திறந்து திறந்து மூடுகிறதே, ஆண்டவரே,
இதற்கு என்ன பெயர்?

அப்போதுதான் இன்னொரு எசேக்கியா
ஞாபகத்துக்கு வந்தான்.
கொப்புளம் கண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அழுத ராஜா.
பிழைக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போன
அதே ஆமோத்சின் மகன்
பாதி முற்றத்தில் திரும்பி வந்தான்.
பதினைந்து வருஷம் கூட்டித் தந்தேன் என்ற வாக்கோடு
வேறொன்றும் சொன்னான்:
அத்திப்பழ அடை கொண்டுவந்து
புண்ணின்மேல் பற்றுப்போடுங்கள்.

மணி மூன்று. பாஸ்டர் சீமோன்தாஸுக்குப் போன் போட்டேன்.
முழுக்கச் சொன்னேன், அடை வரைக்கும்.
"அது பழைய உடன்படிக்கை, சிஸ்டர்."
"தழும்பும் அதுலதான பாஸ்டர் இருக்கு?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
அப்புறம் இருமினார்.
"ஆட்டோ கூட்டிக்கிட்டு வரேன்.
கீழ எறக்கி உட்கார வைங்க."

கல்மண்டபம் தாண்டும்போது
கண்ணை மூடியபடி எசேக்கியா கேட்டார்:
"நான் விசுவாசிக்கலையா?"
பாஸ்டர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
நானும் பதில் சொல்லவில்லை.

ஸ்டான்லியில் எடை பார்த்தார்கள்.
நாலு கிலோ இருநூறு கிராம்
கூடுதல் தண்ணீர்.
மூன்று நாள் விசுவாசத்தின் எடை அது.
கேலியாய்ச் சொல்லவில்லை,
அந்தக் கூரைக்குக் கீழே
நானும்தான் குணமானார் என்று கத்தினேன்.

விடிந்தபின் வெளியே போய்
உலர்ந்த அத்திப்பழம் நூறு கிராம் வாங்கிவந்தேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
நர்ஸ் பொட்டலத்தைப் பார்த்துப் பதறினாள்:
"அய்யோ, பொட்டாசியம்!
இவருக்கு இதக் கண்ணுலகூடக் காட்டாதீங்க."

ராஜாவுக்கும் தின்னக் கொடுக்கவில்லை,
மேலேதான் போட்டார்கள்.
வராந்தாவில் நின்று நானே தின்றேன்.
விதை பல்லில் நறநறத்தது.
பாஸ்டருக்கு ஒன்று நீட்டினேன்.
சுகர் என்றார்,
என்றாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த ராஜாவுக்கு அடையாளமாய்
நிழல் பத்துப் படி பின்னால் போனதாம்.
இங்கே எதிர்ச்சுவரின் நிழல்
எல்லா நாளும்போல் தன் வழியே இறங்கியது.
உள்ளே மெஷின் அவர் ரத்தத்தை
வெளியே எடுத்து, கழுவி,
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நாலு மணிநேரம் கழித்துக்
கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்தார்.
முகம் வற்றி, பழைய முகமாய்.
"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"
என்று கேட்டார்.