மழை நிலவரம்

தை பிறந்து பன்னிரண்டு நாள்.
ரங்கூனில் இந்த மாதம் மழை பெய்ததாக
எனக்கு நினைவில்லை.
புழுதிதான். விடிகாலையில் கொஞ்சம் பனி.
பதினாறு டிகிரிக்கே
குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்ளும் ஊர்.

ஆனாலும் ஃபோன் சொல்கிறது:
சூலேயில் கனமழை.
மியேனிகோன் மேம்பாலத்தடியில் இடி.
லதா தெருவில் தூறல், ஒதுங்கிப் போகலாம்.

சைக்கிளில் சோறு கொண்டுபோகிற
நாற்பத்தோரு பேர் எழுதும் வானிலை அறிக்கை.
தூறலென்றால் இரண்டு பேர், ஒரு டார்ச்.
கனமழையென்றால் முள்கம்பி, மணல்மூட்டை.
இடியென்றால் லாரி.
லாரியென்றால் வேறு தெரு,
வேறு தெரு இல்லையென்றால் வேறு நாள்.
படித்ததும் அழித்துவிட வேண்டும்.

மாதக் கடைசி நெருங்குகிறது.
அதற்கு அடுத்த தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
கடைகளில் ஷட்டரைப் பாதிதான் தூக்குகிறார்கள்,
குனிந்து நுழைகிறவர்களுக்கு மட்டும் வியாபாரம்.

என் சைக்கிள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழசு.
மட்கார்டில் இன்னும் ஏதோ பள்ளிக்கூடத்து ஸ்டிக்கர்.
அந்தப் பெண் இந்நேரம் எங்கேயோ
கார் ஓட்டிக்கொண்டிருப்பாள்.
கியர் மூன்றில் சிக்கி வருஷமாகிறது,
ஏற்றத்திலும் மூன்று, இறக்கத்திலும் மூன்று.

நூடுல்ஸ் இரண்டு, சூப் ஒன்று.
சான்சவுங், ஐந்தாம் மாடி.
பெட்டி ஒட்டிய முதுகில் மட்டும் கதகதப்பு.
முன்னால் காற்று. மூக்கு என்னுடையதாக இல்லை.
கரண்ட் போன தெருக்களில்
ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீடு மட்டும் இருமுகிறது.

மியேனிகோனைச் சுற்றிக்கொண்டு வந்து
பியே சாலைத் திருப்பத்தில்,
எந்த அறிக்கையிலும் இல்லாத டார்ச் ஒன்று
என் முகத்தில் நின்றது.

இறங்கு.
இறங்கினேன்.
அட்டை.
அட்டையில் நான் மா கின் தந்தா.
வீட்டில் முத்துராக்கு.
இரண்டையும் அவன் கூப்பிடவில்லை.
"கலாமா, பெட்டியைத் திற."

இருபது வயதிருக்குமா?
மீசை இன்னும் முடிவுக்கு வரவில்லை.
துப்பாக்கி பிடித்த விரல்களில் வெடிப்பு.
சூப் மூடியைத் திறந்து
முகத்தை ஆவிமேல் காட்டினான்;
சோதனை மாதிரியும் இருந்தது,
சளிக்கு வேது பிடிப்பது மாதிரியும் இருந்தது.

அப்புறம் ஃபோன்.
எல்லாம் அழித்திருந்தேன்.
அழித்தபின் ஒன்று வந்திருக்கிறது:
பியே சாலையில் மழை.

அண்ணாந்து பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
நட்சத்திரங்கள், அத்தனையும்.

"எங்கே மழை?"
யாரோ நம்பர் மாறி அனுப்பியிருக்கிறார்கள் என்றேன்.
பல் தந்தியடித்தது.
குளிர் என்று அவன் நினைத்திருக்கலாம்.

கையுறையைக் கழற்றச் சொன்னான்.
ஊதா நூல், நான் பின்னியது,
இடது கட்டைவிரலில் ஒரு கண்ணி விட்டிருக்கும்.
போட்டுப் பார்த்தான். பற்றவில்லை.
திருப்பியும் தரவில்லை.
போ.

சான்சவுங் வரை
மணிக்கட்டால் ஓட்டினேன்.

மாடி மாடியாகக் கயிறு தொங்கும் தெரு அது,
நுனியில் ஒரு கிளிப், இழுத்தால் மேலே மணி.
ஐந்தாம் மாடிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.
விரலுக்குத் தெரியவில்லை. காதுக்குக் கேட்டது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு பால்கனியில் ஒரு தலை,
ஆணா பெண்ணா தெரியவில்லை.
பையை மாட்டினேன்.
சுவரில் இடித்து இடித்து ஏறியது.
சூப் சிந்தியிருக்கும்.

காசு இறங்குவதற்கு முன்
குரல் இறங்கியது, கிசுகிசுவென்று:
"அந்தப் பக்கம் மழையா?"

எங்கள் நாற்பத்தோரு பேரில்
இந்தக் குரல் கிடையாது.

காய்ந்த தெருவில் நின்று
மேலே பார்த்துச் சொன்னேன்:
இப்போதைக்குத் தூறல்தான்.
பத்து மணிக்கு மேல் வலுக்கலாம்.
கொடியில் துணி கிடந்தால்
எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள்.