அறுபது சென்ரிமீற்றர்

அளவுநாடாவோடு வந்தவளின் பெயர் மதாம் லெகெரெக்.
மழைக்கோட்டு, நீலக் கோப்பு,
கத்தரிக்காயில் முட்டாமல் குனிகிற பழக்கம்.
கடைச் சுவரிலிருந்து நடைபாதைக்கு
அறுபது சென்ரிமீற்றர் எனக்கு அனுமதி.
வெண்கட்டியால் ஒரு வரி போட்டாள்.
மரவள்ளி உள்ளே. வாழைப்பூ உள்ளே.
வாளியில் சாய்ந்து நின்ற முருங்கைக்காய் மட்டும்
பதினொரு சென்ரிமீற்றர் வெளியே.

"காய்தானே மதாம், வளரும்."
"பறித்த பிறகுமா?"

லாச்சப்பலில் கடை திறந்த முதல் வருஷம்
தொழில் நிலவரி வரவில்லை.
மறந்துபோனார்கள் என்று நினைத்து
ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை நான்.
புதுக்கடைக்கு முதல் வருஷம் விலக்காம்.
எனக்கு ரகசியமாய் இருந்தது அவர்களுக்குச் சட்டம்.
அடுத்த மார்கழியில்
தபாற்பெட்டிக்குள் பீட்சா விளம்பரந்தான் கிடந்தது.
கடிதம் போடமாட்டார்கள்,
கணினியில் நாமே போய்ப் பார்க்கவேண்டும் என்று
தண்டம் ஏறிய பிறகு சொன்னான்
பக்கத்துச் சலூன் குகதாசன்,
எல்லாம் தெரிந்தவன்,
எதையும் நேரத்துக்குச் சொல்லாதவன்.

கடவுச்சொல் தேட ஒரு ஞாயிறு போனது.
கடைசியில் பார்த்தால் மூத்தவளின் பிறந்த திகதி.
திரையில் கிடந்த தொகையைப் பார்த்து
எந்த வியாபாரத்துக்கு இவ்வளவு என்று கத்தினேன்.
இடத்துக்காம்.
இந்த நாலு சுவருக்கு வாடகை என்ன பெறும் என்று
எந்தக் காலத்திலோ யாரோ போட்ட கணக்கு.
வெண்டிக்காய் முற்றி எறிந்த கிழமையும்
பொங்கலுக்குச் சனம் தெருமுனைவரை நின்ற கிழமையும்
அந்தக் கணக்குக்குள் இல்லை.
ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.
கடை, பூட்டிய பிறகும் தின்னும்.

குப்பைக்கு வேறு.
வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஊரில்
வெயில்மறைப்புச் சீலைக்கு வேறு.
நடைபாதைக்குச் சதுர மீற்றர் கணக்கு,
அதுவும் தெருவின் தரம் பார்த்து.
எங்கள் தெரு என்ன தரம் என்று கேட்டேன்.
மதாம் பட்டியலில் விரலை ஓட்டி,
கீழே, இன்னும் கீழே போய், சொன்னாள்.
இவ்வளவு மலிவா என்று எனக்கு ரோசம் வந்தது.
வாயைப் பொத்திக்கொண்டேன்.

கட்டினேன். மூன்று தவணை.
ரசீதைக் கல்லாவுக்கு மேலே,
பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
மழை அழித்த வரியை
ஒவ்வொரு முறையும் திரும்பக் கீறுவது நான்தான்.

இரவில் பெட்டிகளை உள்ளே இழுக்கவேண்டும்,
அது நிபந்தனை.
பிறகு என் அறுபதில்
அட்டை விரித்து ஒருத்தன் படுக்கிறான்.
அட்டையும் என்னுடையது, பிரேசில் மாம்பழம் வந்தது.
இரவுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்களா என்று
யாரிடமும் கேட்கப் போகவில்லை.
இன்றைக்கு விடிய ஷட்டர் தூக்க வந்தால்
வரிக்கு வெளியே இரண்டு பாதம்,
ஒன்றில் சப்பாத்து இல்லை.

குனிந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்:
மிசியூ, காலைக் கொஞ்சம் உள்ளே எடுங்கள்.
மதாம் வருகிற நாள்.